பசங்க தானா படிக்கலையா? எந்த எடத்துல மாட்டுதுன்னு பார்த்து சரி பண்ற வழி

"பசங்க சுயமா கத்துக்கணும்"னு ஸ்டாஃப் மீட்டிங்ல சொல்றது ஈஸி. 40 பேர் முன்னாடி நின்னு "இன்னிக்கு நீங்களே படிங்க"ன்னு சொல்லிட்டு ஓரமா ஒதுங்கி நின்னு பார்த்தாதான் அது என்ன வேலைன்னு தெரியும். நான் மொத தடவை சொன்னப்போ 10 நிமிஷம் கூட தாங்கல. பாதி பேர் என் மூஞ்சியவே பார்த்துட்டு இருந்தாங்க, கொஞ்ச பேர் கதை பேச ஆரம்பிச்சுட்டாங்க, மிச்சப் பேர் புக்க தொறந்து வச்சுகிட்டு சும்மா பக்கத்த திருப்பிட்டு இருந்தாங்க. சரி இந்த பசங்களுக்கு இதெல்லாம் ஒத்துவராதுன்னு நானே தீர்ப்பு எழுதிட்டு திரும்ப சாக்பீஸ எடுத்துட்டேன். ரொம்ப நாள் கழிச்சுதான் புரிஞ்சுது, பசங்க நல்லாத்தான் இருந்தாங்க, நான்தான் ஒரே நாள்ல அஞ்சு வேலைய தூக்கி அவங்க தலையில வச்சுட்டேன்.

அந்த அஞ்சு என்னன்னா, எனக்கு என்ன தெரியலன்னு கண்டுபிடிக்கறது, அதுல எத கத்துக்கணும்னு முடிவு பண்றது, எங்கேர்ந்து கத்துக்கறதுன்னு தேடறது, எப்படி கத்துக்கறதுன்னு வழி பாக்கறது, கடைசியா கத்துகிட்டேனான்னு தானே பாத்துக்கறது. மால்கம் நோல்ஸ்ங்கற அமெரிக்கக் கல்வியாளர் 1975ல சுயகற்றலுக்கு சொன்ன விளக்கம் கிட்டத்தட்ட இதுதான், அதுலயே "அடுத்தவங்க உதவியோடயோ, இல்லாமலோ"ன்னு ஒரு வார்த்தை இருக்கு. நெறைய பேர் அந்த "உதவியோடயோ"வ விட்டுடறாங்க. டீச்சர் ஒதுங்கிக்கறதுதான் சுயகற்றல்னு நெனச்சுக்கறாங்க, எல்லா கோளாறும் அங்கேர்ந்துதான் ஆரம்பிக்குது.

கீழ அறிகுறி வாரியா எழுதிருக்கேன். உங்க க்ளாஸ்ல எது நடக்குதோ அத மட்டும் எடுத்துக்கோங்க, எல்லாத்தையும் ஒரே வாரத்துல மாத்தினா எது வேலை செஞ்சுது எது செய்யலன்னு உங்களுக்கே தெரியாம போயிடும்.

"என்ன வேணா படிங்க"ன்னு சொன்னா க்ளாஸே முழிக்குது

நான் மேல சொன்ன அதே கேஸ். ஜெரால்ட் க்ரோன்னு ஒருத்தர் 1991ல இதுக்கு ஒரு படிநிலை சொன்னார். மொத படியில இருக்கறவங்களுக்கு என்ன பண்ணணும்னு ஒருத்தர் சொல்லணும். ரெண்டாவது படியில ஆர்வம் இருக்கும், தூண்டி விட ஆள் வேணும். மூணாவதுல டீச்சரோட சேந்து முடிவெடுப்பாங்க. நாலாவதுல தானே ஓட்டிப்பாங்க, நம்மகிட்ட எப்பவாச்சும் ஆலோசனை கேட்டா உண்டு. மொத படியில நிக்கற பையன்கிட்ட நாலாவது படி டீச்சரா போய் நின்னா அவனுக்கு கெடைக்கறது சுதந்திரம் இல்ல, பயம். அந்த மௌனத்த நாம சோம்பேறித்தனம்னு படிக்கறோம்.

இதுல கவனிக்க வேண்டியது, படி ஆளுக்கு மட்டும் இல்ல, பாடத்துக்கும் சேத்துத்தான். வீட்ல தானா உக்காந்து கம்ப்யூட்டர்ல கேம் எழுதி ஓட்டி பாக்கற பையன் இலக்கணத்துல மொத படியில நிப்பான். அதனால "இவன் நாலாவது படி"ன்னு முத்திரை குத்தாதீங்க, இந்த பாடத்துல இன்னிக்கு எங்க நிக்கறான்னு மட்டும் பாருங்க.

சரி பண்றதுக்கு, ஒரு தடவைக்கு ஒரே ஒரு முடிவ மட்டும் கைமாத்துங்க. நான் ஆரம்பிச்சது ரொம்ப சின்னதா: போர்டுல 10 கணக்கு, அதுல எந்த 6 போடறதுங்கறது உங்க இஷ்டம், ஆனா ஏன் அந்த 6னு கீழ ஒரு வரி எழுதணும். "ஈஸியா இருந்துச்சு அதனால"ன்னு எழுதினாலும் திட்டக்கூடாது. மொத வாரம் முக்காவாசிப் பேர் அததான் எழுதினாங்க. ரெண்டாவது வாரம் ஒரு பொண்ணு "7வது கணக்குல போன தடவ தப்பு வந்துச்சு, இன்னொரு தடவ பாக்கலாம்னு"ன்னு எழுதிருந்தா. அந்த ஒரு வரிக்குள்ள தனக்கு என்ன தெரியலன்னு கண்டுபிடிக்கறது, எத படிக்கணும்னு முடிவு பண்றது ரெண்டுமே இருக்கு, நான் அதப் பத்தி ஒரு வார்த்தை பாடம் எடுக்கல.

அதுக்கப்புறம் எங்கேர்ந்து படிக்கறதுங்கறத விடுங்க, புக்கா, வீடியோவா, பக்கத்துல இருக்கறவனா. அப்புறம் எவ்ளோ நேரம். இலக்கு குறிக்கறத கடைசியா குடுங்க, ஏன்னா அதுதான் இருக்கறதுலயே கஷ்டம், பெரியவங்களே அதுலதான் சொதப்பறாங்க. நெறைய ஸ்கூல்ல இத தலைகீழா பண்றாங்க, மொத நாளே "உன் கற்றல் இலக்கை எழுது"ன்னு அழகா பார்டர் போட்ட ஒரு ஷீட்ட குடுத்துடறாங்க. பசங்க "நல்லா படிக்கணும்"னு எழுதி குடுத்துட்டு போயிடறாங்க. அவங்கள சொல்லி குத்தமில்ல.

ஒவ்வொரு வரிக்கும் "மிஸ் இது சரியா?"

இது பணிவுன்னு நெனச்சு நாம சந்தோஷப்படறோம். உண்மையில அந்த அஞ்சாவது வேலை, சரியான்னு தானே பாத்துக்கறது, மொத்தமா நம்ம கையிலயே இருக்குன்னு அர்த்தம். சிவப்பு பேனா நம்மகிட்ட மட்டும்தான் இருக்குன்னா அவங்க வேற யார்கிட்ட கேப்பாங்க?

மாண்டிசோரி அம்மா 1907ல ரோம்ல ஆரம்பிச்ச பள்ளியில இதுக்கு ஒரு வழி வச்சிருந்தாங்க. ஒரு மரக்கட்டையில வரிசையா குழி, ஒவ்வொரு குழிக்கும் ஒரு உருளை, அளவு மாறி மாறி இருக்கும். ஒண்ண தப்பான குழியில போட்டா கடைசியில ஒரு உருளை எந்தக் குழியிலயும் போகாம கையில மிஞ்சும். யாரும் "தப்பு"ன்னு சொல்ல வேண்டியதில்ல, கட்டையே சொல்லிடும், கொழந்த கழட்டி திரும்ப போடும். நம்ம பாடத்துலயும் இந்த மாதிரி ஒண்ணு கண்டுபிடிக்கறதுதான் வேலை.

உதாரணத்துக்கு, 1/2 + 1/3 போடச் சொன்னா மேலயும் கீழயும் அப்படியே கூட்டி 2/5னு எழுதறது எல்லா க்ளாஸ்லயும் நடக்கறது. நோட்ட தூக்கிட்டு வந்து "சரியா?"ன்னு நின்னா "தப்பு, எல்சிஎம் எடு"ன்னு சொல்லாதீங்க. "அரை பெருசா, 2/5 பெருசா?"ன்னு மட்டும் கேளுங்க. கொஞ்ச நேரம் நிப்பாங்க. 5ல பாதி ரெண்டரை, அப்போ 2/5 அரைய விட கம்மி. அரையோட இன்னும் கொஞ்சம் சேத்தா எப்படி அரைய விட கம்மியா வரும்? அந்த பையன் அங்கயே நோட்ட பிடுங்கிட்டு ஓடிடுவான். அடுத்த தடவ அந்தக் கேள்விய அவனே கேட்டுப்பான், கூட்டினா விடை ரெண்டையும் விட பெருசா வரணுமேன்னு. அதுக்கப்புறம் உங்ககிட்ட வர்றது தானா கொறையும்.

ஒவ்வொரு பாடத்துக்கும் இந்த மாதிரி ரெண்டு மூணு கேள்விய ஒரு அட்டையில எழுதி ஒட்டி வைங்க. விடைத்தாள ஒளிச்சு வைக்காதீங்க, க்ளாஸ் பின்னாடி ஒரு மேஜையில வைங்க, ஆனா ஒரு கண்டிஷன்: போய் பாத்துட்டு வந்து தப்பு எந்த வரியில ஆரம்பிச்சுதுன்னு வேற கலர்ல எழுதணும். காப்பி அடிப்பாங்களேன்னு கேப்பீங்க. அடிப்பாங்க, மொத ரெண்டு வாரம். மார்க்கு இல்லாத நோட்டுல காப்பி அடிச்சு என்ன கெடைக்கப் போகுதுன்னு அவங்களுக்கே சீக்கிரம் போரடிச்சுடும்.

இன்னொண்ணு நம்ம பக்கம். கேள்வி கேட்டுட்டு நாம எவ்ளோ நேரம் காத்திருக்கோம்? மேரி பட் ரோங்கற ஆய்வாளர் 1970கள்ல க்ளாஸ்ரூம் பதிவுகள வச்சு பாத்தப்போ டீச்சர்கள் சராசரியா 1 செகண்ட் தான் பொறுத்திருந்தாங்க. அத 3 செகண்ட் ஆக்கினதும் பசங்க பதில் நீளமாச்சு, "தெரியாது"ங்கறது கொறஞ்சுது, பசங்களே கேள்வி கேக்கறதும் கூடிச்சு. 3 செகண்ட் கேக்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும், க்ளாஸ்ல நின்னு பாருங்க, ஒரு யுகம் மாதிரி இருக்கும். நான் மனசுக்குள்ள எண்ணிட்டு நிப்பேன்.

ப்ராஜெக்ட் சூப்பர், உள்ள சரக்கு இல்ல

கலர் சார்ட், தடிமனான ஃபைல், அட்டையில மினுமினுப்பு, ரெண்டு கேள்வி கேட்டா மேல பாக்கறாங்க. இப்போ ஏஐ சாட்பாட் வந்ததுக்கப்புறம் இது இன்னும் ஜாஸ்தி, முன்னாடியாவது நெட்லேர்ந்து பாத்து கையால எழுதினாங்க. ஆனா ஏஐய திட்டி பிரயோஜனம் இல்ல, கோளாறு அதுக்கு முன்னாடியே இருக்கு. "விண்வெளி"ன்னு ஒரு தலைப்ப குடுத்தா அதுக்கு காப்பி அடிக்கறத தவிர வேற என்ன பண்ண முடியும்? அது தலைப்பு, கேள்வி இல்ல.

ஒரு பையன் விண்வெளிதான் எடுத்துட்டு வந்தான். அதுல உனக்கே நெஜமா புரியாதது எதாச்சும் இருக்கான்னு கேட்டேன், ப்ளாக் ஹோல்னான். அது எல்லாருக்கும்தான் புரியல, நீ கண்ணால பாத்து புரியாதது எதாச்சும் சொல்லுன்னேன். ரொம்ப நேரம் யோசிச்சுட்டு "சில நாள் பகல்லயே நிலா தெரியுதே, அது எப்படி?"ன்னான். அதான்டா உன் ப்ராஜெக்ட்னு சொல்லிட்டேன். ரெண்டு வாரம் தெனமும் நிலா எப்போ எந்தப் பக்கம் தெரியுதுன்னு நோட்டுல குறிச்சான், மேகம் வந்த நாள்ல "மேகம்"னு எழுதினான், தூங்கிட்ட நாள்ல "மறந்துட்டேன்"னு எழுதினான். தெனமும் முந்தின நாள விட லேட்டா வருதுன்னு அவனே கண்டுபிடிச்சு வந்து சொன்னான். சராசரியா 50 நிமிஷம் தள்ளிப் போகும்னு அப்புறம் புக்ல பாத்து சரி பண்ணிகிட்டான், அப்படி தள்ளித் தள்ளிப் போய்தான் வளர்பிறை பாதியில மத்தியான வாக்குல உதிக்குது, அதனாலதான் சாயங்காலம் வெளிச்சம் இருக்கறப்பவே மேல நிக்குது. சார்ட்டு ஒண்ணும் அழகா இல்ல. ஆனா அந்த "மறந்துட்டேன்"ன எந்த சாட்பாட்டும் எழுதாது.

அதனால தலைப்ப கேள்வியா மாத்தற வரைக்கும் ப்ராஜெக்ட்ட ஆரம்பிக்க விடாதீங்க, இதுக்கே ஒரு முழு பீரியட் போனாலும் பரவால்ல. முடிஞ்ச ப்ராஜெக்ட்ட விட நடுவுல எழுதின ரஃப் நோட்ட பாருங்க. கடைசியில 3 நிமிஷம் பேச்சு, பேப்பர் இல்லாம: என்ன கேள்வியோட ஆரம்பிச்சே, எங்க தப்பா நெனச்சிருந்தே, இப்போ என்ன புதுசா புரியல. ஏஐ கிட்ட கேட்டா கேக்கட்டும், என்ன கேட்டேன், அது சொன்னதுல எத சரிபாத்தேன்னு ரெண்டு வரி எழுதச் சொல்லுங்க.

மணிக்கணக்கா படிக்கறா, டெஸ்ட்ல ஒண்ணும் வரல

இந்த கேஸ்தான் எனக்கு ரொம்ப வலிக்கும், ஏன்னா இவங்க உழைக்கறவங்க. புக்க பாத்தா எல்லா வரியும் மஞ்சளா இருக்கும், எல்லாத்தையும் ஹைலைட் பண்ணா எதையும் பண்ணாத மாதிரிதான். "எத்தன தடவ படிச்சே?"ன்னா "அஞ்சு தடவ மிஸ்"னு சொல்வாங்க, பொய் இல்ல. அஞ்சு தடவையும் கண்ணு ஓடியிருக்கு, ஒரு தடவ கூட புக்க மூடி பாக்கல.

ரோடிகர், கார்பிக்னு ரெண்டு பேர் 2006ல காலேஜ் பசங்கள வச்சு ஒரு சோதனை பண்ணாங்க. ஒரு குரூப் ஒரு பத்திய 4 சுத்தும் படிச்சுட்டே இருந்துச்சு. இன்னொரு குரூப் 1 சுத்து படிச்சுட்டு மிச்ச 3 சுத்தும் பாக்காம ஞாபகத்துலேர்ந்து எழுதுச்சு. 5 நிமிஷம் கழிச்சு கேட்டா படிச்சுட்டே இருந்தவங்கதான் ஜெயிச்சாங்க. 1 வாரம் கழிச்சு கேட்டா அப்படியே தலைகீழ், படிச்சவங்களுக்கு 40 சதவீதம்தான் ஞாபகம் இருந்துச்சு, எழுதிப் பாத்தவங்களுக்கு 61. இதுல என்ன வேடிக்கைன்னா, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கும்னு அதிகமா நம்பினது அந்த படிச்சுட்டே இருந்த குரூப்புதான். நம்ம மஞ்சள் பேனா பொண்ணுக்கும் அதேதான் நடக்குது, படிச்ச ஒடனே எல்லாம் வர்ற மாதிரி இருக்கும், அத நம்பி புக்க மூடிடறா.

இத பசங்களுக்கு சொல்லி புரிய வைக்க முடியாது, செஞ்சு காட்டணும். ஒரே பாடத்துல ரெண்டு சின்ன பத்திய எடுங்க. ஒண்ண நாலு தடவ படிக்கச் சொல்லுங்க, இன்னொண்ண ஒரு தடவ படிச்சுட்டு மூடி வச்சு வெள்ளப் பேப்பர்ல ஞாபகம் வர்றத எல்லாம் எழுதி, தொறந்து பாத்து விட்டுப் போனத வேற கலர்ல சேத்து, திரும்ப மூடி எழுதச் சொல்லுங்க. எதுல அதிகம் ஞாபகம் இருக்கும்னு அவங்களையே எழுதி வாங்கி வச்சுக்கோங்க. சொல்லாம கொள்ளாம ஒரு வாரம் கழிச்சு ரெண்டையும் கேளுங்க. அவங்க எழுதிக் குடுத்த சீட்டையும் கூடவே திருப்பிக் குடுங்க. அதுக்கு மேல நீங்க லெக்சர் அடிக்க வேண்டியதில்ல.

ஒரு எச்சரிக்கை, பாக்காம எழுதறது ஆரம்பத்துல அசிங்கமா தோணும், "எனக்கு ஒண்ணுமே வரல"ன்னு அழுத பொண்ணு உண்டு. வெள்ளப் பேப்பர்ல மூணு வரிதான் வந்துச்சுன்னா அது மார்க் இல்ல, மீதிய எங்க தேடணும்னு காட்டற மேப்புன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க, அந்தப் பேப்பர வாங்கி வைக்காதீங்க, அது அவங்களோடது. அப்புறம் "உனக்கு தெரியுமா?"ன்னு படிச்சு முடிச்ச கையோட கேக்காதீங்க, மறுநாள் காலையில கேளுங்க, அப்போ அவங்க சொல்ற பதில் நெஜத்துக்கு இன்னும் கிட்ட இருக்கும்.

மொத வாரம் ஜோர், மூணாவது வாரம் ஆளையே காணோம்

ஆசை போயிடுச்சுன்னு முடிவு கட்டாதீங்க. பொதுவா போட்ட ப்ளானே நடக்காத ப்ளானா இருக்கும், "தெனமும் 2 மணி நேரம் சயின்ஸ்" மாதிரி. நம்ம எல்லாருக்குமே ஒரு வேலைக்கு ஆகப்போற நேரத்த கம்மியா கணக்கு போடற வியாதி உண்டு. ரெண்டு நாள் தவறினதும் குற்ற உணர்ச்சி, அப்புறம் நோட்டையே தொடறதில்ல.

பீட்டர் கோல்விட்சர்ங்கற உளவியலாளர் சொன்ன "இது நடந்தா இத செய்வேன்" வகை ப்ளான் எனக்கு நல்லா வேலை செஞ்சுது. "நெறைய படிப்பேன்" இல்ல, "ஸ்கூல்லேர்ந்து வந்து பைய வச்ச ஒடனே நிலா நோட்டுல ஒரு வரி எழுதுவேன்". எப்போ, எங்க, என்னங்கறது மூணும் இருக்கணும். கூடவே ஒரு தவறின நாள் ப்ளான்: "மிஸ் ஆயிட்டா அடுத்த நாள் ஒரு வரி, பழையத ஈடு கட்ட வேண்டாம்." இந்த ரெண்டாவது வரிதான் ஆள காப்பாத்துது.

வாரத்துக்கு ஒரு தடவ ஆளுக்கு 2 நிமிஷம் உக்காந்து பேசுங்க, எல்லாரையும் ஒரே நாள்ல முடியாது, நான் ஒரு நாளைக்கு 8 பேர்னு பிரிச்சுப்பேன், மத்தவங்க அவங்கவங்க வேலைய பாத்துட்டு இருப்பாங்க. கேக்கறது ஒரே கேள்விதான், "எங்க நின்னுச்சு?" ஏன் பண்ணலன்னு கேட்டா காரணம் கெடைக்கும், எங்க நின்னுச்சுன்னு கேட்டா எடம் கெடைக்கும்.

"இதுக்கு மார்க் உண்டா மிஸ்?"

இல்லன்னா பேனாவ கீழ வச்சுடறாங்க. வருஷக்கணக்கா நாமளே பழக்கினது, ஒரு நாள்ல போகாது.

1973ல லெப்பர்ங்கற உளவியலாளரும் அவர் கூட இருந்தவங்களும் நர்சரி கொழந்தைங்கள வச்சு பண்ண சோதனை ஒண்ணு இருக்கு. படம் வரையறது ஏற்கெனவே புடிச்ச கொழந்தைங்க. சில பேர்கிட்ட வரைஞ்சா சர்டிஃபிகேட் உண்டுன்னு முன்னாடியே சொல்லி குடுத்தாங்க, சில பேருக்கு சொல்லாம குடுத்தாங்க, சில பேருக்கு ஒண்ணும் இல்ல. அப்புறம் ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு பாத்தா, சொல்லி வச்சு வாங்கின கொழந்தைங்க மட்டும் மத்தவங்க வரைஞ்ச நேரத்துல பாதிதான் வரைஞ்சாங்க. சொல்லாம கெடச்ச கொழந்தைங்களுக்கு ஒண்ணும் ஆகல. அப்போ பரிசு மட்டும் பிரச்சனை இல்ல, "இத பண்ணா அது கெடைக்கும்"ங்கற பேரம்தான் பிரச்சனை.

மார்க்க ஒழிச்சுடுங்கன்னு நான் சொல்ல வரல, அது நம்ம கையில இல்ல. ஆனா திருத்திக் குடுக்கறப்போ ஒண்ணு பண்ணலாம். மொத நாள் கருத்து மட்டும் எழுதி குடுங்க, மார்க்க மூணு நாள் கழிச்சு சொல்லுங்க. ரூத் பட்லர்ங்கற ஆய்வாளர் 1988ல பாத்தப்போ கருத்து மட்டும் வாங்கின பசங்க அடுத்த வேலைய இன்னும் நல்லா பண்ணாங்க, கருத்தும் மார்க்கும் சேத்து வாங்கினவங்களுக்கு அந்த பலன் இல்ல, மார்க்க பாத்ததும் கருத்து காணாம போயிடுது. கருத்துன்னா "குட், கீப் இட் அப்" இல்ல. "மூணாவது பத்தியில காரணம் சொல்லாம முடிவு சொல்லிருக்கே, ஏன்னு ஒரு வரி சேரு", இந்த மாதிரி, கையில எடுத்து செய்யற மாதிரி இருக்கணும்.

ரெண்டு பேர் பறக்கறாங்க, மிச்சப் பேர் இன்னும் பின்தங்கறாங்க

இது நடந்தா ஒடனே நிறுத்திட்டு பாருங்க, இது சின்ன கோளாறு இல்ல. அடிப்படை தெரிஞ்சவனுக்கு தேடிக் கத்துக்கறது ஜாலி. தெரியாதவனுக்கு அது இருட்டுல சுவத்த தடவற மாதிரி. புதுசா கத்துக்கறவங்கள வழிகாட்டாம விடறது பலன் தராதுன்னு கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க்னு மூணு ஆய்வாளர்கள் 2006ல கொஞ்சம் காரமாவே எழுதினாங்க. சுயகற்றல் ஆளுங்களுக்கு அந்தக் கட்டுரைன்னாலே கோவம் வரும், எனக்கு அதுல பாதி நியாயமாத்தான் படுது. மறு பாதி என்னன்னா, ஆரம்பத்துல உதவியா இருக்கற அதே வழிகாட்டல், தெரிஞ்சதுக்கப்புறம் தொந்தரவா மாறிடும்.

அதனால புதுப் பாடம்னா மொதல்ல நீங்க சொல்லிக் குடுங்க, தயங்காதீங்க. ஒரு கணக்க முழுசா போட்டுக் காட்டுங்க. அடுத்ததுல கடைசி வரிய காலியா விடுங்க, அதுக்கடுத்து கடைசி ரெண்டு வரி, அப்படியே தேய்ச்சுட்டு போனா ஒரு கட்டத்துல கேள்வி மட்டும் நிக்கும். சாரம் கட்டி வீடு கட்டறதுதான் இது, செவுரு காயறதுக்கு முன்னாடி சாரத்த பிரிச்சா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல, வீடு முடிஞ்சும் பிரிக்காம வச்சா வாசல்ல நடக்க முடியாது. எப்போ பிரிக்கறதுங்கறது ஆளுக்கு ஆள் மாறும், அந்த பறக்கற ரெண்டு பேருக்கு மொத கணக்குலயே பிரிச்சுடலாம்.

அந்த ரெண்டு பேர் சலிச்சுப் போய் எரிஞ்சு விழறாங்கன்னா அது க்ரோ சொன்ன இன்னொரு பொருத்தமின்மை, நாலாவது படி பையனுக்கு மொத படி டீச்சர். அவங்களுக்கு கூடுதல் கணக்கு குடுக்காதீங்க, அது வேகமா முடிச்சதுக்கு தண்டனை. ஒரு முடிவ கூடுதலா குடுங்க.

ஆசிட், கரண்ட், அடுப்பு இருக்கற எடத்துல மட்டும் இதெல்லாம் கெடையாது, அங்க மொத படிதான், சொன்னத சொன்னபடி.

க்ளாஸ்ல ஓடுது, ஸ்கூல்ல முட்டுது

"உங்க க்ளாஸ்ல ஒரே சத்தம்"னு பக்கத்து ரூம்லேர்ந்து புகார், "போர்ஷன் எங்க இருக்கு?"ன்னு ஹெட்மாஸ்டர். இத டீச்சர் தனியா சரி பண்ண முடியாது, அதனால இந்தப் பகுதி ஸ்கூல நடத்தறவங்களுக்கு.

மொத விஷயம் நேரம். 40 நிமிஷ பீரியட்ல ஒரு கேள்வி சூடு பிடிக்கறதுக்குள்ள மணி அடிச்சுடுது. மாண்டிசோரி முறையில தொடர்ச்சியா 3 மணி நேரம் விடறதும், 1920 வாக்குல ஹெலன் பார்க்கர்ஸ்ட் கொண்டு வந்த டால்டன் முறையில ஒரு மாச வேலைய ஒப்பந்தம் மாதிரி கையில குடுத்து எந்த நாள் எந்தப் பாடம்னு பசங்க கையிலயே விட்டதும் இதுக்குத்தான். அவ்ளோ தூரம் போக முடியலன்னா வாரத்துக்கு ஒரு தடவ ரெண்டு பீரியட்ட சேத்து விடுங்க, லைப்ரரிய அந்த நேரம் பூட்டாம வைங்க. லைப்ரரி பூட்டு சாவி யார்கிட்டன்னே தெரியாத ஸ்கூல்ல சுயகற்றல் பத்தி போஸ்டர் ஒட்டி பிரயோஜனம் இல்ல.

ரெண்டாவது, டீச்சர எப்படி நடத்தறீங்க. எந்த நாள் எந்தப் பக்கம்னு டீச்சருக்கே முடிவெடுக்க உரிமை இல்லன்னா அவங்க பசங்களுக்கு எங்கேர்ந்து எடுத்துக் குடுப்பாங்க? மேலேர்ந்து நெருக்கடி கூடறப்போ டீச்சர்கள் பசங்கள இறுக்கிப் பிடிக்கறதும் கூடுதுன்னு பெல்டியே குழுவோட 2002 ஆய்வுல வந்துச்சு, நமக்கு ஆய்வே வேண்டாம், இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின வாரம் நம்ம க்ளாஸ நாமளே பாத்தா போதும். போர்ஷன்ல ஒரு அஞ்சுல ஒரு பங்கு டீச்சர் இஷ்டத்துக்குன்னு விட்டுப் பாருங்க.

சத்தத்துக்கு ஒரு சின்ன டிப்: என்ன சத்தம்னு காது குடுத்து கேளுங்க. "ஏன்", "எப்படி", "இல்லடா இங்க பாரு" கேட்டுச்சுன்னா விடுங்க, கதவ மட்டும் சாத்திக்கோங்க.

"நீங்க சொல்லியே குடுக்கறதில்லயாமே?"

பேரன்ட்ஸ் மீட்டிங்ல வரும். தத்துவம் பேசாதீங்க, அவங்க கவலை நியாயமானது. மூணு மாசத்துக்கு முன்னாடி நோட்டையும் இப்போ நோட்டையும் பக்கத்துல பக்கத்துல வைங்க, அவங்க பிள்ள தன் தப்ப தானே வேற கலர்ல குறிச்ச எடத்த காட்டுங்க. அப்புறம் அவங்களுக்கும் ஒரு வேலை குடுங்க: வீட்ல "படிச்சியா?"ன்னு கேக்கறதுக்கு பதிலா "இன்னிக்கு எது புரியல?"ன்னு கேக்கச் சொல்லுங்க. அதுக்கு பதில் வந்தா ஒடனே விளக்க ஆரம்பிக்க வேண்டாம்னும் சொல்லிடுங்க, இல்லன்னா அடுத்த நாள் "எல்லாம் புரிஞ்சுது"ன்னு பதில் வரும்.

எதுவுமே பொருந்தலன்னா

க்ளாஸ்ல ஒரே ஒரு பிள்ளைய எடுங்க, ரொம்ப நல்லா படிக்கறவங்களும் வேண்டாம், ரொம்ப பின்னாடி இருக்கறவங்களும் வேண்டாம், நீங்க அதிகம் கவனிக்காத நடுவுல இருக்கற ஒருத்தர். பக்கத்துல உக்காந்து 15 நிமிஷம் வேலை பண்றத பாருங்க, வாய தொறக்காதீங்க. பேனா நிக்கற எடத்துல நேரத்த குறிச்சுக்கோங்க, நிமிர்ந்து யார பாக்கறாங்கன்னும் குறிச்சுக்கோங்க. எத எடுக்கறதுன்னு தெரியாம நின்னாங்களா, எங்க தேடறதுன்னு தெரியாம நின்னாங்களா, இல்ல முடிச்சுட்டு சரியான்னு தெரியாம நின்னாங்களா? நான் பாத்த நாள்ல அந்த பொண்ணு 15 நிமிஷத்துல 11 தடவ நிமிர்ந்தா, 9 தடவ என்னத்தான் பாத்தா. மறுநாள் என் நாற்காலிய அவ கண்ணுல படாத மாதிரி பின்னாடி சுவத்தோரம் போட்டு உக்காந்தேன், அவ பெஞ்சுல அந்தக் கேள்வி அட்டைய ஒட்டி வச்சேன். அன்னிக்கு 4 தடவதான் நிமிர்ந்தா, அதுலயும் 2 தடவ அட்டைய பாத்தா.